தந்தைக்கு மகன் எழுதும் மடல்: விளி, பன்மை, வியங்கோள் – ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

0. முன்னுரை

குடும்ப மடல்கள் இலக்கியமாகக் கருதி எழுதப்படுவன அல்ல. எனினும் ஒரு மொழியில் உறவும் மரியாதையும் உரிமையும் எவ்வாறு சொல்லாகின்றன என்பதை அறிய அவற்றைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. கடல் கடந்து சென்ற மகனும் ஊரில் இருந்த தந்தையும் எழுதிக்கொண்ட மடல்கள் இவ்வகையில் தனிக் கவனத்திற்கு உரியன. பேச்சில் முகக்குறிப்பாலும் உடலசைவாலும் வெளிப்படும் பணிவு, மடலில் சொல்லாலும் வினைமுடிபாலும் மட்டுமே வெளிப்பட வேண்டியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த போலந்து நாட்டு உழவர் குடும்பங்களின் மடல்கள் இத்தகைய ஆய்விற்குப் புகழ்பெற்ற மூலங்களாகும். இவற்றைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் எதிர்கொள்ளும் இலக்கணச் சிக்கல் ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தந்தையை முன்னிலைப்படுத்தும் முறையே அச்சிக்கல். அதற்குத் தீர்வு காண்பதில், கேரள மாநிலம் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதி எல்லையூர்களின் தமிழ் வழக்கு எவ்வாறு துணைசெய்யும் என்பதும் ஆராயப்படுகிறது. எடுத்துக்காட்டாக வரும் மடல் வாக்கியங்கள் விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொண்டவை. அவை எம்மடலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

1. மூலங்கள்

1.1. வில்லியம் தாமஸ், புளோரியன் ஸ்னானியெட்ஸ்கி ஆகிய இருவரும் எழுதிய 'ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போலந்து உழவர்' என்னும் ஆங்கில நூல் 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. சமூகவியலில் இது ஒரு தொடக்க நூலாகப் போற்றப்படுகிறது. சிகாகோவில் வெளிவந்த போலிஷ் மொழி நாளிதழில் விளம்பரம் செய்து, மடல் ஒன்றுக்குச் சிறுதொகை கொடுத்துத் தாமஸ் மடல்களைத் திரட்டினார். ஐம்பது குடும்ப வரிசைகளில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட மடல்கள் ஆங்கில மொழிபெயர்ப்பாக அதில் இடம்பெற்றன. அமெரிக்காவில் இருந்தோரிடம் திரட்டப்பட்டமையால் அவற்றுள் பெரும்பாலானவை ஊரிலிருந்து சென்றவையே. தந்தை எழுதியது மிகுதியாகவும் மகன் எழுதியது குறைவாகவும் கிடைக்கிறது.

1.2. இக்குறையை ஓரளவு நிறைவுசெய்வது வேறொரு தொகுப்பு. 1890–91ஆம் ஆண்டுகளில் பிரேசில், அமெரிக்க ஒன்றிய நாடுகள் ஆகியவற்றிலிருந்து போலந்துக்குக் குடியேறிகள் எழுதிய மடல்கள் பலவற்றை உருசியப் பேரரசின் தணிக்கை அதிகாரிகள் கைப்பற்றினர். அவை உரியவரைச் சென்றடையவே இல்லை. அவற்றுள் எஞ்சியவற்றை விட்டோல்ட் கூலா முதலியோர் 1973இல் வார்சாவில் பதிப்பித்தனர். ஆங்கில வடிவம் 1986இல் வெளிவந்தது. மகனிடமிருந்து சொல் வரவில்லை என்று ஊரில் தந்தை காத்திருந்த காலத்தில் அம்மகனின் மடல் அரசு அலுவலகத்தில் கட்டப்பட்டுக் கிடந்தது. எனவே இம்மடல்களில் உள்ள பணிவுச் சொற்கள் எவராலும் ஏற்றுக்கொள்ளப்படாத பணிவுச் சொற்களாகவே நின்றுவிட்டன.

1.3. மொழிபெயர்ப்பாளர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. தாமஸ்–ஸ்னானியெட்ஸ்கி நூல் 1976இல் போலிஷ் மொழியில் வெளிவந்தபோது மூல மடல்கள் கிடைக்காமையால், ஆங்கிலத்திலிருந்தே அவற்றை மீண்டும் போலிஷ் மொழிக்குப் பெயர்க்க வேண்டியதாயிற்று. அதாவது, உழவர் எழுதிய மொழிக்கே அவர்தம் மடல்கள் மொழிபெயர்ப்பாகத் திரும்பி வந்தன. ஆங்கிலத்தில் தொலைந்த மரியாதை வேறுபாடுகளை அம்மொழிபெயர்ப்பாளர் தம் மொழியறிவைக் கொண்டே மீட்டமைக்க வேண்டியிருந்தது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குப் பெயர்ப்பவரின் நிலையும் இதுவே.

2. வணக்க மடலும் தமிழ் மடல் மரபும்

2.1. உழவர் மடலின் அடிப்படை வடிவத்தை இந்நூலாசிரியர்கள் 'வணக்க மடல்' எனத் தமிழில் சொல்லத்தக்க பெயரால் குறித்தனர். அது சமய வாழ்த்துடன் தொடங்கும். இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ் கூறும் அவ்வாழ்த்துக்கு, மடலைப் படிப்போர் என்றென்றைக்கும் என மறுமொழி கூறுதல் வேண்டும். பின்னர், இறையருளால் தாம் நலம் என்பதும், குடும்பத்தார் நலத்தை விழைதலும் இடம்பெறும். இறுதியில் உறவினர் ஒவ்வொருவருக்கும் வணக்கம் கூறப்படும். செய்தி கூறுவது, உணர்வைத் தூண்டுவது, தொழில் பற்றியது முதலான பிற மடல் வகைகளும் இவ்வடிவத்தினின்றே கிளைத்தன என்பது அவர்தம் கருத்து. தொலைவினால் தளரும் குடும்ப ஒருமைப்பாட்டை நிலைநிறுத்துவதே இம்மடலின் பணி என்றும் அவர்கள் விளக்கினர்.

2.2. தமிழ் வாசகர்க்கு இவ்வடிவம் புதிதன்று. இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுத வேண்டியது என்பதும், 'நிற்க' என்று செய்திக்குத் திரும்புவதும், 'இப்படிக்கு' என்று முடிப்பதும் அண்மைக்காலம் வரை வழங்கிய வாய்பாடுகள். தந்தைக்குத் 'தேவரீர்', 'தீர்க்கதண்டம்', 'அநேக நமஸ்காரம்' எனவும், மகனுக்குச் 'சிரஞ்சீவி', 'ஆசீர்வாதம்' எனவும் சொற்கள் பங்கிடப்பட்டிருந்தன. கிறித்தவக் குடும்பங்களில் 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்பது அவ்விடத்தைப் பெற்றது.

2.3. வாய்பாட்டு மடலில் உண்மையுணர்வு இராது என்னும் எண்ணம் மொழிபெயர்ப்பாளரிடையே உண்டு. இதன் விளைவாகத் தொடக்க வாய்பாடுகளைச் சுருக்கிவிடுவதும் உண்டு. இவ்வெண்ணத்தை மறுக்கும் சான்று சிலப்பதிகாரத்திலேயே கிடைக்கிறது. புறஞ்சேரியிறுத்த காதையில் மாதவியின் மடலைக் கோசிகன் கோவலனிடம் சேர்க்கிறான். அடிபணிதலும், பிழை பொறுக்க வேண்டுதலும், குரவர்க்குச் செய்யும் பணியை விட்டு இரவில் ஊர் நீங்கியமை குறித்த கலக்கமும் அமைந்தது அம்மடல். அதைப் படித்த கோவலன், பிழை மாதவியுடையதன்று, தன்னுடையதே எனத் தெளிகிறான். அம்மடலின் பொருள் தன் பெற்றோர்க்குத் தான் எழுத வேண்டிய மடலுக்கும் பொருந்துவதைக் கண்டு, அதனையே அவர்களிடம் காட்டுமாறு கோசிகனிடம் திருப்பித் தருகிறான்.

காதலி தலைவனுக்கு எழுதிய மடல், ஒரு சொல்லும் மாறாமல், மகன் தந்தைக்கு அனுப்பும் மடலாகிறது. இம்மாற்றம் எவ்வாறு இயல்கிறது? மடலில் உள்ள முன்னிலை, பெயர் சுட்டிய முன்னிலையாக அன்றி, 'அடிகள்' என்னும் பணிவுப் பெயராக அமைந்திருப்பதே காரணம் எனலாம். வாய்பாடு இங்கு உணர்வுக்குத் தடையாகவில்லை. நேரில் சொல்ல நாவெழாத ஒன்றைச் சொல்வதற்கு அது வாயிலாகிறது. போலந்து உழவர் மடலின் வணக்கப் பகுதியையும் இவ்வாறே கொள்ளுதல் வேண்டும். அதனைச் சுருக்கும் மொழிபெயர்ப்பு, மடலின் முகப்பை மட்டுமன்றி மடலையே சிதைக்கிறது.

3. முன்னிலை: நான்கு மொழிகள்

3.1. போலிஷ் மொழியில் முன்னிலை ஒருமைக்குத் 'தி' என்பதும் பன்மைக்கு 'வி' என்பதும் வழங்கும். ஊர்ப்புற வழக்கில் பெற்றோரையும் முதியோரையும் பன்மையால் சுட்டுதல் மரபு. இவற்றோடு மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. உறவுப்பெயரை எழுவாயாக்கி வினையைப் படர்க்கையில் முடித்தல் அது. தந்தையை நோக்கியே 'அப்பா உட்காரட்டும்' என்னும் அமைப்பில் பேசுவர். இதில் வரும் 'நியெக்' என்னும் இடைச்சொல் வியங்கோள் பொருளது.

3.2. ஆங்கிலத்தில் இவை யாவும் 'யூ' என்னும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பழைய முன்னிலை ஒருமை, வழிபாட்டிலும் சில சமயக் குழுவினரின் பேச்சிலும் சில வட்டார வழக்குகளிலுமே எஞ்சியிருந்தது. எனவே ஆங்கில வடிவத்தில் தந்தையும் மகனும் ஒரே தளத்தில் நின்று பேசுவதாகத் தோன்றுகிறது. மகன் அமெரிக்காவிற்குச் சென்றபின் தந்தையின் அதிகாரம் தளர்ந்தது என்பது தாமஸ்–ஸ்னானியெட்ஸ்கி நூலின் கோட்பாடுகளுள் ஒன்று. ஆனால் அத்தளர்ச்சி மடலின் மொழியில் நிகழ்ந்ததா என்பதை ஆங்கில வடிவத்தைக் கொண்டு சோதிக்க இயலாது. சோதிக்கத்தக்க இலக்கணக் கூறு மொழிபெயர்ப்பிலேயே மறைந்துவிட்டது. ஆசிரியர்களின் சமூகவியல் விளக்கம் ஆழமானது. எனினும் மடலின் மொழி, பொருளைக் காட்டும் கண்ணாடியாகவே அதில் கொள்ளப்பட்டது. மொழியியலார் இந்நூலை அணுகும்போது கொள்ள வேண்டிய முதல் எச்சரிக்கை இதுவே.

3.3. தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிநிலை விரிந்துள்ளது. ஒருவரைப் பன்மையால் கூறுதல் வழக்கினால் ஆகிய உயர்சொல்லே அன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியம் அதனைத் தனித்து உணர்த்துகிறது. தமிழ்ச் சிக்கலின் மையம் பெயரில் இல்லை, வினையில் உள்ளது. தெரிநிலை வினைமுற்று இடத்தையும் பாலையும் காட்டியே தீரும். 'அப்பா எப்போது வருவார்?' என்றால் அப்பா அவ்விடத்தில் இல்லை. 'அப்பா எப்போது வருவீர்கள்?' என்றால் 'அப்பா' விளியாகிவிடுகிறது.

3.4. மலையாளத்தில் இந்நெருக்கடி இல்லை. இடங்காட்டும் விகுதியை மலையாள வினைமுற்று இழந்துவிட்டது. 'அச்சன் எப்போழ் வரும்?' என்னும் வாக்கியம் தந்தையைப் பற்றியதாகவும் இருக்கலாம், தந்தையை நோக்கியதாகவும் இருக்கலாம். தந்தையை மாற்றுப்பெயரால் சுட்டுதல் மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதால், உறவுப்பெயரே அங்கு முன்னிலையின் பணியை ஆற்றுகிறது. போலிஷ் மொழியின் மூன்றாவது முறைக்கு இது மிக நெருங்கியது. பொருளமைப்பை மட்டும் நோக்கினால், போலந்து உழவர் மடலுக்கு ஆங்கிலத்தைவிட மலையாளம் அணிமையானது எனலாம்.

4. எல்லையூர் வழக்கு

4.1. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலை அவ்வட்டத்தின் தென்கோடியில், களியக்காவிளையை அடுத்து அமைந்துள்ளது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததே அன்றி வழக்கைப் பிரிக்கவில்லை. ஒரே குடும்பத்தில் தமிழ் எழுதும் தலைமுறையும் மலையாளம் மட்டுமே எழுதும் தலைமுறையும் அமைதல் இங்கு இயல்பு.

4.2. இப்பகுதியில் மடலும் புலம்பெயர்வும் பழமையானவை. 19ஆம் நூற்றாண்டில் தென்திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றோர் பலர். 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குச் செல்லுதல் பெருகியது. இன்று நாம் பொதுச்சொல்லாக வழங்கும் 'அஞ்சல்' திருவிதாங்கூர் அரசு நடத்திய தபால் துறையின் பெயர். அத்துறை 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது.

4.3. எல்லையூர்த் தமிழில் நம் ஆய்வுக்குத் தேவையான கூறுகள் இரண்டு.

முதலாவது, மகனைத் தந்தை விளிக்கும் 'மக்களே', 'மக்கா' என்னும் வடிவம். ஒரே ஒரு மகனையோ மகளையோ நோக்கியும் இப்பன்மை வழங்கும். தென்கேரள மலையாள வழக்கிலும் இது உண்டு. இப்பன்மை மரியாதைப் பன்மை ஆகாது. நன்னூலார் பாலும் திணையும் மயங்குதற்குரிய காரணங்களாக உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்தனைக் கூறுவர். தந்தையை மகன் 'நீங்கள்' எனல் உயர்வு பற்றியது. மகனைத் தந்தை 'மக்களே' எனல் உவப்பு பற்றியது. ஒரே இலக்கணக் கூறாகிய பன்மை, கீழிருந்து மேலே செல்லும்போது பணிவாகவும் மேலிருந்து கீழே வரும்போது அன்பாகவும் பொருள்படுகிறது. இவ்விருவழிப் பன்மையைப் பொதுத்தமிழ் மொழிபெயர்ப்புகள் பயன்படுத்திக்கொள்வதில்லை. 'அன்புள்ள மகனுக்கு' என்னும் ஒற்றைத் தொடரே எங்கும் காணப்படுகிறது. அது ஆங்கில மடல் முகப்பின் நிழலாகவே பெரும்பாலும் அமைகிறது.

இரண்டாவது, தந்தையை நோக்கிப் பேசும்போது இடங்காட்டும் வினைமுற்றைத் தவிர்க்கும் முறை. 'அப்பாவுக்குச் சுகந்தானே?', 'அப்பா சாப்பிட்டாச்சா?', 'அப்பாவுக்கு எப்போ வர முடியும்?' ஆகியவற்றில் 'நீங்கள்' இல்லை. முன்னிலை விகுதியும் இல்லை. நான்காம் வேற்றுமை ஏற்ற பெயர், 'ஆச்சு' என்னும் துணைவினை, 'முடியும்', 'வேண்டும்', 'போதும்' போன்ற இடம் உணர்த்தா வினைகள் ஆகியன இதற்குத் துணைசெய்கின்றன. இவ்வாக்கியங்கள் தமிழ்நாடு முழுவதும் இயல்பானவையே. ஆனால் மலையாளத் தொடர்பு மிக்க எல்லையூர்களில் உறவுப்பெயர் கொண்டே முன்னிலைப்படுத்தும் நெறி வலுப்பெற்றிருப்பதால், அதற்கு ஏற்ற தமிழ் வினை வடிவங்களின் பயன்பாடும் கூடுதலாகப் புலப்படுகிறது. இதனை மலையாளக் கலப்பு என்று ஒதுக்குதல் பொருந்தாது. தமிழின் சொந்த வளமே இங்கு ஒரு தேவைக்காகத் திரண்டு நிற்கிறது.

5. தந்தை பணம் கேட்டல்

5.1. குடிபெயர்ந்தோர் மடல்களில் மிகக் கூரிய இடம் பணம் பற்றியது. நிலம் வாங்க, கடன் தீர்க்க, தங்கைக்குச் சீர் கொடுக்கப் பணம் வேண்டும். கொடுக்கும் நிலையில் இருந்த தந்தை, கேட்கும் நிலைக்கு வருகிறார். உறவின் படிநிலையும் பொருளின் படிநிலையும் இங்கு எதிரெதிராக நிற்கின்றன.

5.2. இம்முரணைத் தமிழ் இலக்கணம் முன்னரே எண்ணிப் பார்த்துள்ளது. ஒன்றை வேண்டிக் கேட்குமிடத்து 'ஈ' என்பது இழிந்தோன் கூற்று, 'தா' என்பது ஒப்போன் கூற்று, 'கொடு' என்பது உயர்ந்தோன் கூற்று என்பது தொல்காப்பிய எச்சவியல் கூறும் வரையறை. இவ்வரையறைப்படி தந்தை மகனிடம் 'கொடு' என்றே கேட்டல் வேண்டும். ஆனால் இல்லாமை அவரைத் 'தா' என்னும் நிலைக்கும் அதற்குக் கீழும் தள்ளுகிறது. எச்சொல்லைத் தேர்ந்தாலும் அவர் ஒன்றை இழக்கிறார்.

5.3. தமிழ் மடல் மரபு இதற்கொரு வழி கண்டுள்ளது. 'பணம் அனுப்பி வைக்கவும்', 'தபால் கண்டவுடன் அனுப்ப வேண்டியது' என்னும் முடிபுகளே அவ்வழி. இவற்றில் கேட்பவரும் இல்லை, கேட்கப்படுபவரும் இல்லை. செய்யப்பட வேண்டிய செயல் மட்டுமே நிற்கிறது. '–உம்' ஈற்று வடிவமும் 'வேண்டியது' என்னும் வடிவமும் வியங்கோளின் பணியை ஆற்றுவன. வியங்கோள் தன்மை, முன்னிலை இடங்களில் நிலைபெறாது என்பது தொல்காப்பியம். மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் உரியது என்பது நன்னூல். இவ்விரு கொள்கைகளுக்கும் இடைப்பட்ட வரலாற்றில், முன்னிலையானை முன்னிலைப்படுத்தாமல் ஏவுதற்குரிய கருவியாக வியங்கோள் வளர்ந்தமையை உணரலாம். போலிஷ் 'நியெக்' வாக்கியத்தின் பணியும் இதுவே.

5.4. இன்று '–உம்' ஈற்று வடிவம் அலுவலகச் சுற்றறிக்கைக்கும் அறிவிப்புப் பலகைக்கும் உரியதாகக் கருதப்படுகிறது. ஆதலால் குடும்ப மடலை மொழிபெயர்ப்போர் இதனை வறட்டு நடை என விலக்கி, 'தயவுசெய்து எனக்குப் பணம் அனுப்பு' என எழுதுவர். இத்தொடர் ஆங்கில மரியாதைச் சொல்லைப் பெயர்க்கிறது. ஆனால் தமிழ்த் தந்தை மகனிடம் 'தயவுசெய்து' எனச் சொல்லின், அது இரத்தலாகவோ இடித்துரைத்தலாகவோ மட்டுமே பொருள்படும். மரியாதையைப் பெயர்க்க முயன்ற இடத்திலேயே தந்தையின் மரியாதை போய்விடுகிறது.

6. மூன்று மாதிரிகள்

தந்தையின் மடல் கிடைத்தது என்றும், அவர் கேட்ட பணத்தை அனுப்புவதாகவும், அவருடைய உடல்நலம் அறிய விழைவதாகவும் மகன் எழுதும் பகுதியை மூவகையாகப் பெயர்க்கலாம்.

(அ) அன்புள்ள அப்பா, உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்ட பணத்தை அனுப்புகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

(ஆ) தகப்பனார் அவர்களுக்கு, தங்கள் கடிதம் வரப்பெற்றேன். தாங்கள் எழுதியிருந்தபடி பணம் அனுப்பியிருக்கிறேன். தங்கள் தேக சௌக்கியத்திற்கு எழுத வேண்டியது.

(இ) அப்பாவுக்கு மகன் எழுதுவது. அப்பாவின் கடுதாசி கிடைத்தது. அதில் கண்டபடி பணம் அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்கு உடம்பு சுகந்தானா என்று எழுதவும்.

(அ) பிழையற்றது. இக்கால வாசகர்க்கு எளியது. ஆயினும் இதில் உள்ள மகன் நகரத்துக் கல்லூரியில் பயிலும் இக்கால மகன். 'நீங்கள் கேட்ட பணம்' என்னும் தொடர் தந்தையை வெளிப்படையாக இரப்பவராக்குகிறது என்பதும் கருதத்தக்கது.

(ஆ) பணிவைக் காக்கிறது. 'கேட்ட' என்பதை 'எழுதியிருந்தபடி' என மாற்றியதால் இரத்தல் மறைந்தது. ஆனால் இது எழுத்துப் பயிற்சி மிக்க குடும்பத்தின் நடை. எழுத்தறியாத உழவர் பலர் பிறரைக் கொண்டு மடல் எழுதுவித்தனர். ஆதலின், எழுதிக்கொடுப்போன் நடையாக இதனைக் கொள்ளவும் இடமுண்டு. மூலத்தில் அத்தகைய அயல்கை தெளிவாகத் தெரியும் மடல்களுக்கு இந்நடை பொருந்தும்.

(இ) இடங்காட்டும் முன்னிலை வினை ஒன்றும் இல்லாமலே அமைகிறது. உறவுப்பெயர், 'அதில் கண்டபடி' என்னும் ஒதுக்கம், நான்காம் வேற்றுமைத் தொடர், '–உம்' ஈற்று வியங்கோள் ஆகிய நான்கும் சேர்ந்து போலிஷ் உழவரின் மூன்றாவது முறையைத் தமிழில் மீட்கின்றன. இவ்வடிவமே மூலத்திற்கு மிக அணிமையானது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவற்றுடன் சமய வாழ்த்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். போலிஷ் வாழ்த்து, மறுமொழியை எதிர்நோக்குவது. மடல் வீட்டில் உரக்கப் படிக்கப்படுகையில் கேட்போர் விடை கூற வேண்டும். கேரளக் கத்தோலிக்கரிடையே வழங்கும் 'ஈசோ மிசிஹாய்க்கு ஸ்துதியாயிரிக்கட்டெ' என்பதும் அதற்குரிய 'இப்போழும் எப்போழும்' என்னும் மறுமொழியும் இதற்கு நேர் நிகர். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் 'இயேசுவுக்கே புகழ்', 'மரியே வாழ்க' என்னும் இணை உண்டு. பணி ஒன்றே ஆயினும் மறுமொழியின் பொருள் வேறு. எனவே வாழ்த்தை மட்டும் தமிழ் வழக்கிலிருந்து எடுத்து, மறுமொழியை மூலப்படி 'என்றென்றைக்கும் ஆமென்' எனப் பெயர்த்தல் தகும்.

7. எதிர்வாதம்

7.1. போலந்து உழவரை விளவங்கோட்டு உழவராக மாற்றுவது முறையா என்னும் வினா எழலாம். இவ்வினா நேர்மையானது. வட்டாரச் சொல் ஒவ்வொன்றும் தன் மண்ணையும் உடன் கொணரும். 'மக்களே' என்ற விளியைக் கேட்ட அளவில் வாசகர் மனத்தில் சிகாகோ மறைந்து குமரி தோன்றக்கூடும். எனவே சொல் நிலையில் அளவு வேண்டும். சோலி, வெப்ராளம் போன்ற வட்டாரச் சொற்களை இறக்குமதி செய்தல் இங்குத் தேவையற்றது.

7.2. ஆனால் இக்கட்டுரை பரிந்துரைப்பது வட்டாரச் சொற்களை அன்று, வாக்கிய அமைப்புகளையே. நான்காம் வேற்றுமை எழுவாயும் இடம் உணர்த்தா வினையும் எந்த வட்டாரத்தின் தனியுடைமையும் அல்ல. அவை எல்லையூர் வழக்கில் திரண்டு நிற்பதால் நம் கண்ணுக்குப் புலப்படுகின்றன. எல்லையூர் வழக்கு நமக்குச் சொற்களஞ்சியமாக அன்றி, உரைகல்லாகப் பயன்படுகிறது. 'மக்களே' என்னும் விளியைப் பொறுத்தவரை, தந்தையின் உணர்ச்சி வாய்பாட்டை மீறி எழும் இடங்களில் மட்டும் அதனை ஆளலாம். மடலின் தலைப்பில் வாய்பாட்டு விளியும், நடுவே ஓரிடத்தில் 'மக்களே' என்பதும் அமையின், அம்மாற்றமே பொருள் தரும்.

7.3. இவ்வளவு நுட்பம் வாசகரால் உணரப்படுமா என்றும் வினவலாம். மாற்றுப்பெயரை வாசகர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் தந்தை தாழ்ந்தாரா, மகன் விலகினானா என்பதை உணர்கிறார். வரிசையாக வரும் மடல்களில் மகன் முதலில் (இ) வடிவத்தில் எழுதி, ஆண்டுகள் செல்லச் செல்ல (அ) வடிவத்திற்கு மாறுவானாயின், குடும்பப் பிணைப்பின் தளர்ச்சியை அடிக்குறிப்பின்றியே வாசகர் அறிவர். ஆங்கில வடிவம் சான்றாகக் காட்ட முடியாததைத் தமிழ் வடிவம் காட்டக்கூடும். எனினும் இங்குக் கடுமையான பொறுப்பு ஒன்று உள்ளது. மூலத்தில் இல்லாத மாற்றத்தை மொழிபெயர்ப்பாளர் தம் ஊகத்தால் படைத்துவிடலாகாது. கூலாவின் தொகுப்பைப் போல மூலமொழி வடிவம் கிடைக்கும் மடல்களில் ஒவ்வொரு முன்னிலையையும் மூலத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். மூலம் கிடைக்காத மடல்களில் ஒரே வடிவத்தை இறுதிவரை பேணுதலே பாதுகாப்பானது.

8. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவன:

(1) குடும்ப மடலின் வாய்பாட்டுப் பகுதி சுருக்கத்தக்க மிகையன்று. உறவை நிகழ்த்தும் பகுதியே அது.

(2) ஆங்கிலம் வழியாக வரும் மடல்களில் முன்னிலை வேறுபாடு மறைந்திருப்பதால், தமிழில் 'நீங்கள்' என்பதைத் தானாகவே இடுதல் மொழிபெயர்ப்பு ஆகாது. அது தெரிவைத் தவிர்த்தலே ஆகும்.

(3) உறவுப்பெயரால் முன்னிலைப்படுத்தி இடம் உணர்த்தா வினையால் முடிக்கும் முறை போலிஷ், மலையாளம், எல்லையூர்த் தமிழ் மூன்றையும் இணைக்கிறது.

(4) '–உம்' ஈற்று வியங்கோளும் 'வேண்டியது' என்னும் முடிபும் குடும்ப மடல் மொழிபெயர்ப்பில் மீண்டும் இடம்பெறத்தக்கன. தந்தை தம் நிலை தாழாமல் மகனிடம் கேட்பதற்குத் தமிழ் வகுத்துக்கொண்ட வழி அதுவே.

கைப்பேசி வந்தபின் தந்தைக்கு மடல் எழுதும் வழக்கம் பெரிதும் அருகிவிட்டது. மடலோடு வாழ்ந்த இவ்வடிவங்கள் பேச்சில் எஞ்சியிருக்கும் காலத்திலேயே அவற்றைத் தொகுத்தல் மொழியியலார் கடமை. எல்லையூர்களில் இப்பணி விரைந்து செய்யத்தக்கது. அங்குத் தந்தை எழுதியதை மகன் படிக்க இயலாத நிலை, கடல் கடந்து செல்லாமலே ஏற்பட்டுவருகிறது. தமிழில் எழுதப்பட்டு வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய மடல் ஒன்றை மலையாளத்தில் படித்துச் சொல்லுமாறு பேரன் கேட்கும்போது, அதைச் சொல்பவர் 'நீ', 'நீங்கள்', 'அப்பா' ஆகியவற்றுள் எதனை எவ்வாறு பெயர்க்கிறார் என்பது வெறும் இலக்கண வினாவாக நின்றுவிடாது. அக்குடும்பம் தன்னைப் பற்றி எதனை நினைவிற்கொள்ளும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.